குடலில் பழுப்புப் புள்ளிகள்

அவர் கும்மிடிப்பூண்டி உருக்காலையில் உலை பார்ப்பவர். நீலக்கண்ணாடி வழியே நெருப்பைப் பார்த்துப் பழகியதால், எதைப் பார்த்தாலும் இடது கண்ணை மூடிக்கொள்வார். பொன்னேரியில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்குத் தன் குடல் சதைப் பரிசோதனையின் முடிவைக் கேட்டு வந்தவர், அந்தச் சதையை வைத்திருந்த மைக்ரோஸ்கோப்பிலும் அப்படித்தான் குனிந்தார்.

“இன்னா சார், உள்ள துரு புடிச்சிக்கீது?”

“துரு இல்லண்ணே. செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா அவதிப்பட்டா, அதைக் காப்பாத்த ஒரு புரதம் வரும். சாயம் போட்டா பழுப்பாத் தெரியும். குடல்ல எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும்.”

“என்னுது கொஞ்சமா?”

“டாக்டர்தான் சொல்லணும்.”

அவர் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. “நல்லா கீறவனுது ஒண்ணு காட்டு சார்.”

ஒப்பிட வைத்திருந்த ஸ்லைடை மாற்றினேன். வெகுநேரம் பார்த்தார்.

“இவனும் உள்ளுக்குள்ள வெந்துகினுதான் கீறான், பாவம்” என்றார், நிமிராமலே.

அது, நோய் ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த என் குடல்.