எண்பத்திரண்டு சதவீதத்தில் நின்ற வேன்

1. லொறியில் வந்தது

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடம். பதுளையில் உள்ள எங்கள் கராஜ் வாசலுக்கு ஒரு லொறி வந்து நின்றது. அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு மின்சார வேன். ஓடிய தூரம் 9,412 கிலோமீட்டர். பெரிய பெட்டரியில் சார்ஜ் 82 சதவீதம். சின்ன பெட்டரியில் 8.7 வோல்ட். இவை அன்றைய என் டயரியில் இருப்பவை. இருபத்தாறு வருடமாக நான் கைவைக்கும் ஒவ்வொரு வண்டியைப் பற்றியும் இப்படி எழுதி வைக்கிறேன். அந்தப் பழக்கத்தால் என்ன பயன், என்ன பயனில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன். எங்கள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்தால் போதும்.

எங்கள் கராஜ் அந்த வேனைச் செய்த கம்பனியின் முகவர். கம்பனியின் பெயர் வேண்டாம். பழைய கம்பனி. உங்கள் அப்பா ஏறிய பஸ்ஸிலும் அதன் முத்திரை இருந்திருக்கும். அவர்களுடைய டீசல் எஞ்சினை நான் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவேன். இரும்பில் அவர்கள் தப்புச் செய்து நான் பார்த்தது குறைவு. மின்சார வண்டி என்று வந்ததும் இரும்பு பாதி, சொப்ட்வெயார் பாதி என்றாகிவிட்டது. அந்த இரண்டாவது பாதி அவர்களுக்கும் புதிது, எங்களுக்கும் புதிது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இரு தரப்புக்கும் மனம் வரவில்லை.

தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். மின்சார வண்டியில் பெட்டரி இரண்டு. பெரியது சக்கரத்தை ஓட்டும். பன்னிரண்டு வோல்ட் சின்ன பெட்டரி கதவுப் பூட்டையும் திரையையும் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களையும் எழுப்பும். சின்னது இறங்கிவிட்டால் பெரியதில் எவ்வளவு இருந்தாலும் வண்டி எழும்பாது. பூனாகலையிலிருந்து பதுளைக்கு வந்து திரும்பும் அளவுக்குச் சார்ஜை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த வேன் கதவுகூடத் திறக்காமல் கிடந்தது.

லொறியிலிருந்து இறங்கியவர் செல்வராஜ். பூனாகலைத் தோட்டம். வயது நாற்பது இருக்கும். பதினைந்து வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டிவிட்டு, மனைவி லெட்சுமியின் சேமலாப நிதியையும் சேர்த்து இந்த வேனை எடுத்திருந்தார். தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளை ஏற்றி வருவதுதான் அவர் தொழில். கிளினிக் போகிறவர்கள், மாதம் நிறைந்த பெண்கள். எல்லோரையும்விட முக்கியமானவர் கருப்பையா. சிறுநீரகம் பழுதானவர். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் படுத்தாக வேண்டும்.

"இன்னிக்கு அவர பக்கத்துத் தோட்டத்து ஓட்டோவுல ஏத்தி அனுப்பிட்டேண்ணே. குளிர்ல நடுங்கிக்கிட்டே போனாரு. எனக்கு மூஞ்சியில முழிக்க முடியல."

நானும் அப்புத்தளைப் பக்கம் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். அது தெரிந்த பிறகு அவர் என்னை சேர் என்று கூப்பிடவில்லை.

ஸ்கேனரைப் போட்டேன். 'சின்ன பெட்டரி வோல்ட் குறைவு' என்று மட்டும் காட்டியது. ஏன் குறைந்தது என்பதற்கு எந்தக் கோட் நம்பரும் இல்லை. சின்ன பெட்டரியை மாற்றி அனுப்பினோம்.

2. குறை காணப்படவில்லை

இருபது நாளில் வேன் மறுபடி லொறியில் வந்தது. புது பெட்டரியும் இறங்கியிருந்தது.

இந்த முறை மூன்று நாள் கராஜிலேயே நிறுத்தி வைத்தேன். தினமும் காலை ஏழரைக்கு அளந்தேன். 12.6, 12.6, 12.5. ஒரு குறையும் இல்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்கேனரில் கோட் இல்லை, கராஜில் குறை திரும்ப வரவில்லை என்றால் ஜொப் கார்டில் 'குறை காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்துவிடுவது. டீசல் காலத்தில் அது பெரும்பாலும் சரியாக வந்தது. நானும் எழுதினேன்.

வண்டியை எடுக்க வந்த செல்வராஜ் கார்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இங்க வந்தா நல்ல புள்ளயா இருக்கு. ஸ்கூலுக்கு டொக்டர் வந்தா காய்ச்சல் வுட்டுப் போற மாதிரி."

பிறகு கைச்சாவியைச் சுழற்றிக்கொண்டே ஒன்று சொன்னார். "ஒன்னு கவனிச்சேண்ணே. சார்ஜ் போட்ட ராவுல ஒன்னும் ஆகுறதில்ல. சும்மா நிக்கிற ராவுலதான் செத்துப்போகுது."

அதை டயரியில் அவர் சொன்னபடியே எழுதினேன். ஜொப் கார்டில் எழுதவில்லை. அதில் அப்படி எழுத இடம் கிடையாது. வாடிக்கையாளர் முறைப்பாடு என்ற கட்டத்தில் கோட் நம்பரோ 'ஸ்டார்ட் இல்லை' போன்ற இரண்டு சொல்லோதான் போடுவோம்.

3. நான் எழுதிய வரி

மூன்றாம் முறை நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மழை. காலை நாலரைக்கு வேன் எழும்பவில்லை. ஓட்டோவும் கிடைக்கவில்லை. கருப்பையாவை முதல் பஸ்ஸில் ஏற்றினார்கள். வழியில் மரம் விழுந்திருந்ததால் அவர் முறை தவறிவிட்டது. மறுநாள் மூச்சு வாங்கி, வார்டில் ஒன்பது நாள் கிடந்து பிழைத்தார். ஆனால் அதன்பின் செல்வராஜின் வேனில் ஏறவில்லை. அவர் ஏறாததைப் பார்த்து மற்றவர்களும் ஏறவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதற்குள் இந்தப் பேச்சு எல்லா லயத்துக்கும் போய்விட்டதாம்: செல்வராஜ் வேனை நம்பினால் வைகுண்டம்தான்.

வேனை மறுபடி லொறியில் கொண்டுவந்தபோது செல்வராஜ் இதையெல்லாம் கோபமில்லாமல்தான் சொன்னார். எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

கம்பனியின் கொழும்புத் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அங்கிருந்து ஒரு பொறியியலாளர் போனில் வந்தார். வண்டி எங்கே சார்ஜ் ஆகிறது என்று கேட்டார். லயத்தில் என்றேன். லயத்துக் கரண்ட் ஏறி இறங்கும், அதில் சார்ஜர் குழம்பி சின்ன பெட்டரியை நிரப்பாமல் விட்டிருக்கும், அதை எழுதி கார்டை மூடுங்கள் என்றார்.

எங்கள் மனேஜர் நஸீர் நல்ல மனிதர். அவருக்கும் அது இடித்தது. "சிவா, நீங்க போய்ப் பாத்தீங்களா அந்தக் கரண்ட?" என்று கேட்டார்.

"பாக்கத் தேவையில்ல. நான் பொறந்ததே லயத்துல. அந்த வயரப் பத்தி எனக்குத் தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரிந்தது நாற்பது வருடத்துக்கு முந்திய வயர். ஒரு பல்புக்காக நாலு வீட்டுக்கு இழுத்த, மழை பெய்தால் பொறி பறக்கிற வயர். அதை மனதில் வைத்துக்கொண்டு கார்டில் எழுதினேன்: 'வாடிக்கையாளர் இல்ல மின்சாரம் தரமற்றது. வண்டியில் குறை இல்லை.' கொழும்புக்காரருக்கு லயம் தெரியாது. தெரிந்த நான் எழுதியதால் அந்த வரிக்குப் பெறுமதி கூடிவிட்டது. அதைக் காட்டியே உத்தரவாதம் செல்லாது என்று கம்பனி கடிதம் அனுப்பியது.

செல்வராஜ் கடிதத்தையும் சாவியையும் என் மேசையில் வைத்தார்.

"மத்தவங்க எழுதியிருந்தா பரவாயில்லண்ணே" என்றார்.

வேன் எங்கள் முற்றத்திலேயே நின்றது. இரண்டு மாதத்தில் அவர் கட்டாருக்கு டிரைவராகப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

4. பூனாகலை

முறைப்பாட்டை முடித்துவைக்க ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. நஸீர் அந்த வேனையே எடுத்துக்கொண்டு போய் லெட்சுமியிடம் ஒப்படைத்துவிட்டு, கையெழுத்தும் வாங்கி வரச் சொன்னார். மீட்டரையும் எடுத்துப் போனேன். என் வரி சரியென்று காட்ட ஒரு அளவும் சேர்த்து வைக்கலாம் என்று எண்ணினேன்.

செல்வராஜின் வீட்டு இணைப்பு 228 வோல்ட் காட்டியது. முக்கால் மணி நேரம் அளந்தேன். மூன்று வோல்ட்டுக்கு மேல் அசையவில்லை. வண்டிக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், வாசல் ஓரத்தில் ஒழுங்காக இறக்கிய எர்த் கம்பி. பிரேக்கருக்குக் கீழே பெயின்ட்டால் எழுதியிருந்தார்: 'வேன் மட்டும். கை வைக்காதே.' என் சொந்த வீட்டில்கூட அவ்வளவு சுத்தமான வேலை இல்லை.

லெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேநீர் கொடுத்தார். கையெழுத்துப் போட அவருக்குத் தயக்கமில்லை. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது என்று நான் சொன்னதற்கு, போன் எடுக்க கோயிலுக்கு மேலே பாறைக்குத்தான் ஏற வேண்டும் என்றார்.

"இங்கன சிக்னல் கெடையாதுங்க. போன வீட்டுல வச்சா விடியறதுக்குள்ள அதுவும் செத்துப்போகும், நம்ம வேன் மாதிரி. தேடித் தேடியே சார்ஜ் எறங்கிரும். ராவுல அமத்தித்தான் வைப்போம்."

கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த வேனுக்குள்ளும் ஒரு சிம் இருக்கிறது. கம்பனியோடு அதுவாகப் பேசும்.

வேனை அங்கேயே, சார்ஜ் போடாமல் நிறுத்தினேன். சின்ன பெட்டரியில் பதிவு செய்யும் மீட்டர் ஒன்றைக் கோர்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் காலை வந்து பார்த்தபோது 9.1 வோல்ட். மீட்டரின் பதிவில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு மேடு. வேன் ஒவ்வொரு முறையும் முழுதாக விழித்து, சிக்னல் தேடி, கிடைக்காமல் படுத்து, மறுபடி விழித்திருக்கிறது. பதுளையில் டவருக்கு அடியில் நிற்கும் எங்கள் கராஜில் அது நிம்மதியாகத் தூங்கியது. சார்ஜ் போட்ட இரவுகளில் பெரியது சின்னதை நிரப்பிவிடுவதால் தெரியவில்லை. செல்வராஜ் சொன்னது சொல்லுக்குச் சொல் சரி.

வீட்டுக்கு வந்து டயரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். வாங்கி நாலு மாதம் அந்த வேனில் ஒரு குறையும் இல்லை. முதல் சேர்விஸுக்கு வந்த அன்று கம்பனி அனுப்பிய புது சொப்ட்வெயார் ஏற்றியிருக்கிறேன். கையெழுத்து என்னுடையது. ஒன்பதாம் நாள் வேன் முதல் தடவை நின்றிருக்கிறது. எல்லாம் என் எழுத்தில், என் அலுமாரியில், எட்டு மாதமாக இருந்தது. எழுதினேனே தவிர, ஒரு நாளும் திரும்பப் படிக்கவில்லை.

5. கடிதம்

அளவுகள் எல்லாவற்றையும் கொழும்புக்கு அனுப்பினேன். அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போனது. ஐந்து மாதம் கழித்து ஒரு வரி வந்தது: அடுத்த சொப்ட்வெயாரில் சரிசெய்யப்படும். சரிசெய்தார்கள். உத்தரவாதம் செல்லாது என்ற கடிதமும் இரத்தானது. எதிலும் செல்வராஜின் பெயர் இல்லை.

புதியதை ஏற்றி, பூனாகலையில் ஏழு இரவு நிறுத்திப் பார்த்தேன். ஏழு நாளும் 12.5க்குக் குறையவில்லை. சாவியை லெட்சுமியிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். ஓட்ட ஆளில்லை.

"ஒரு ஒதவி செய்வீங்களா? அவரு சொன்னது சரின்னு ஒரு கடுதாசி எழுதித் தாங்க. சீல் வச்சு."

கம்பனித் தாளில் எழுதினால் கொழும்பின் அனுமதி வேண்டும். நஸீரிடம் சொன்னேன். அவர் மேசை லாச்சியிலிருந்து சீலை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, வெளியே போய் யாருடனோ பேச ஆரம்பித்தார். நான் கையாலேயே எழுதினேன். வண்டியில் குறை இருந்தது, வீட்டு மின்சாரத்தில் இல்லை, டிரைவர் முதலிலேயே சரியாகச் சொன்னார், நான் தவறாக எழுதினேன். நாலு வரி. லெட்சுமி அதைப் படம் எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறிப் போய் அனுப்பினார்.

எங்கள் ஜொப் கார்டில் இப்போது மேலதிகமாக இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. நஸீரும் நானும் அச்சடித்துச் சேர்த்தவை. ஒன்று, 'வண்டி இரவில் எங்கே நிற்கிறது'. மற்றது, 'ஓட்டுகிறவர் சொன்னது, அவர் வார்த்தையில்'. புதியவர்கள் அவற்றை வெறுமையாக விட்டால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஸ்கேனர் தான் பார்த்ததை மட்டும் சொல்லும். பார்க்காத இடத்தில் நின்றவன் சொல்வதை நாம்தான் கேட்க வேண்டும். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து செல்வராஜிடமிருந்து எனக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் பெரிய வண்டிகளின் சத்தம்.

"கெடச்சிச்சுண்ணே. சந்தோசம். கருப்பையாண்ணனுக்கு மட்டும் ஒரு கொப்பி குடுத்துருங்க. அவருக்குத் தெரிஞ்சா போதும்."

ஞாயிற்றுக்கிழமை கொப்பியை ஒரு உறையில் போட்டுக்கொண்டு போனேன். கருப்பையாவின் லயத்து வாசலில் தகரம் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் இருந்தன. வெள்ளிக்கிழமை இறந்துவிட்டாராம். அன்று அவருக்கு மூன்றாம் நாள் காரியம். உள்ளே போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள், சாப்பிட்டேன். உறையை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

அந்த உறை இந்த வருட டயரியில், அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. செல்வராஜுக்கு இன்னும் சொல்லவில்லை.