காற்றில்லாத சீசாவில் துரு

கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த கணவர் இறந்ததும், அந்த வேலை கருத்தம்மாளுக்குக் கிடைத்தது. ஒரே மகள் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். அனுமந்தன்பட்டியில் பூட்டிய வீடு, உத்தமபாளையத்தில் பேச்சில்லாத வேலை. சில நாட்களில் பஸ் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்வதோடு சரி.

2008 ஏப்ரலில், விரிவுரையாளர் கயல் மூன்று மாதப் பயிற்சிக்காகப் பெங்களூர் புறப்படும் முன் நான்கு சீசாக்களை அவளிடம் ஒப்படைத்தாள். உள்ளே ஓடைச் சேறும் இரும்பு கரைந்த நீரும். காற்றை முழுக்க வெளியேற்றி, ரப்பர் மூடி போட்டு மெழுகால் அடைத்திருந்தாள். இரண்டுக்குக் கறுப்புத் தாள் சுற்றியிருந்தது. மற்ற இரண்டின் மேல் பல்பு எரிந்தது.

"செடி வெயில வாங்கி நல்ல காத்த விடுதுல்லக்கா? இந்தச் சேத்துல இருக்கற உயிருக வேற மாதிரி. காத்தே இல்லாம, வெளிச்சத்த மட்டும் வச்சு இரும்பத் துருவாக்குதான்னு பாக்கணும். வெளிச்சம் நிக்கக் கூடாதுக்கா."

கோடை விடுமுறையில் கல்லூரி வெறிச்சோடியது. தினமும் மின்வெட்டு. பல்பு அணையும்போதெல்லாம் இரண்டு சீசாக்களையும் ஜன்னலுக்குத் தூக்கிப் போய் வெயிலில் வைத்தாள். போகப்போக அவற்றோடு பேசவும் ஆரம்பித்தாள். "இன்னைக்கும் சோத்துக்கு வெறும் ரசந்தேன்" என்பாள்.

ஐந்தாவது வாரம், வெளிச்சத்தில் இருந்த இரண்டின் அடியிலும் செம்மண் நிறத்தில் ஒரு படிவு தெரிந்தது. துறைத் தலைவர் சுந்தர்ராஜ் எட்டிப் பார்த்தார்.

"மூடி கசிஞ்சிருக்கு. காத்துப் பட்டா இரும்பு துருப்பிடிக்கத்தான செய்யும்? கொட்டிட்டுக் கழுவி வைங்க."

பெரியவர்கள் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. கழுவும் தொட்டிவரை கொண்டு போனவள் திரும்பி வந்தாள். கறுப்புத் தாளைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். அந்த நீர் தெளிவாக இருந்தது.

"சார், இதுகளுக்கும் அதே மூடி, அதே மெழுகு. காத்துப் போயிருந்தா இதுலயும் துருப் புடிச்சிருக்கணும்ல? கயல் மேடம் வந்து பாக்கட்டும். அவுக சொன்னாகன்னா நானே கொட்டிர்றேன்."

சுந்தர்ராஜ் நான்கையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்."

ஜூலையில் கயல் வந்து சோதித்தாள். உள்ளே துளிக் காற்றில்லை. அந்தத் துரு, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வெளிச்சத்தைக் கொண்டு உண்டாக்கிய கனிமம்தான்.

"பூமியில செடி கொடியே இல்லாத காலத்துல, இரும்புப் பாறையெல்லாம் இப்படித்தான் உண்டாகியிருக்கும்னு நெனைக்கிறாகக்கா. நீங்க கொட்டாம வச்சீகளே!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் போன பிறகு யாரும் கருத்தம்மாளின் கையைப் பிடித்ததில்லை.

அடுத்த மாதமே கயலுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. சீசாக்களும் அவளோடு போயின. பஸ் ஏற்றிவிட்டு வந்த கருத்தம்மாள் மகளுக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

"துருதானம்மா? அதுல என்ன இருக்கு? பிள்ள அழுகுறான், அப்புறம் பேசுறேன்."

மகள் வைத்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.