கப்பல் நின்ற காலத்தில் சுட்ட பாண்

தொற்றுக் காலத்தில் உல்லாசக் கப்பல்கள் நின்றுபோயின. கப்பல் சமையலறையில் பாண் ரொட்டி சுட்டுவந்த நான் ஹட்டன் அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பினேன். அடுத்த மாதம் கூப்பிடுவோம் என்று எழுதிக்கொண்டிருந்த கம்பெனி, பிறகு தேதி சொல்வதையே விட்டுவிட்டது.

"கப்பல் திரும்ப ஓடுமாங்க?" என்றாள் கொழுந்து பறித்துவிட்டு வந்த மனைவி.

"கட்டாயம் ஓடும். எப்பன்னுதான் தெரியல."

ஊரடங்கில் பாண் வண்டி வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் செங்கல் அடுக்கி, களிமண் பூசி, பாண் சுடும் அடுப்பாக நானே ஒரு போறணை கட்டினேன். முதல் நாள் பாண் கருகியது. மூன்றாம் நாள் லயமே வாசலில் நின்றது. மனைவியும் மாப் பிசையப் பழகினாள்.

ஒன்றரை வருடம் கழித்து அழைப்பு வந்தபோது நான்தான் தயங்கினேன்.

"போயிட்டு வாங்க. போறணைய நான் பாத்துக்கிறேன்."

அவள் சுட்ட பாண் என்னுடையதைவிட மெத்தென்று இருந்தது. நிம்மதியாகக் கிளம்பினேன்.