ஜாக்கிரதையார் காத்த மரம்

தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. தொழிலாளர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ஜாக்கிரதையார். எங்காவது தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் மஞ்சள் எச்சரிக்கைப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். துடைக்க மட்டும் குனியவே மாட்டார். அது வேறு பிரிவின் வேலையாம். வீட்டிலும் அதே கதைதான். குனிகிற வேலையெல்லாம் மனைவியின் பிரிவு.

அந்த மனைவி சில வாரங்களாகத் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவளுடைய தங்கை மறுபடி வேலைக்குப் போகப் போகிறாள், தவழும் மகளைப் பகலில் யாரிடம் விடுவது என்ற பேச்சு வந்தபோது, "கிறிஸ்துமஸுக்கு வர்றேன்க்கா. வீடு அவளுக்குத் தோதா இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். அன்றே அக்கா குழந்தைக்குச் சின்னத் தட்டும் கிண்ணமும் வாங்கி வைத்துவிட்டாள்.

"இந்த வருஷம் அலமாரி மேல ஒரு சின்ன மரம் வச்சா போதும்ங்க" என்றாள் கணவரிடம்.

"ஆபத்தைப் பார்த்து ஒதுங்கக் கூடாது. அதைக் கட்டுப்படுத்தணும்" என்றார் அவர், கூட்டத்தில் பேசுகிற குரலில்.

தம்மைவிட உயரமான மரம் ஒன்று கூடத்துக்கு வந்தது. சுவரில் கொக்கி அடித்துக் கம்பியால் இழுத்துக் கட்டினார். கண்ணாடி உருண்டைகளையெல்லாம் உச்சிக்கு ஏற்றினார். மேலே கோட்டு போட்டுக் கீழே ஒன்றும் போடாத ஆள் மாதிரி நின்றது மரம். சுற்றிலும் சட்டம் அடித்து வேலி. வேலியில் 'அனுமதியின்றி நெருங்காதீர்' என்று ஒரு பலகை. யாருக்கு? ஒருத்திக்கு இன்னும் பேச்சே வரவில்லை. இன்னொன்று பூனை. துரை என்று பெயர் வைத்ததிலிருந்து அது யார் பேச்சையும் கேட்பதில்லை. துரையை விரட்ட வேலிக்குள் ஆரஞ்சுத் தோலைப் பரப்பினார். துரை வேலியைத் தாண்டிப் போய், தோலை முகர்ந்து பார்த்து, அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

"மீந்த ஆணியெல்லாம் பொறுக்கியாச்சா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் மனைவி.

"ஆச்சு, ஆச்சு."

"எதுக்கும் ஒரு தடவை கூட்டிடறேன்."

"வேண்டாம். தோலெல்லாம் கலைஞ்சிடும்."

அடுப்பில் கேக் வெந்துகொண்டிருந்தது. இந்த மனிதரோடு மல்லுக்கட்ட அவளுக்கு நேரமில்லை. விட்டுவிட்டாள்.

தங்கை வந்து குழந்தையைத் தரையில் விட்டதுதான் தாமதம், ஜாக்கிரதையார் விளக்கவுரையைத் தொடங்கிவிட்டார். "ஆட்டிப் பாரும்மா. யானை வந்து முட்டினாலும் விழாது" என்று கம்பியைச் சுண்டிக் காட்டினார். பிறகு வேலிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து, கோல்கீப்பர் போல நின்றுகொண்டார். குழந்தை அவரையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. எதிர்த் திசையில் விறுவிறுவென்று தவழ்ந்து நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டது. மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த தங்கையும் அதைக் கவனிக்கவில்லை.

கேக் தட்டோடு வந்த அக்காவுக்குத்தான் சுருக்கென்றது. "என்ன, குட்டி சத்தத்தையே காணோம்?"

நாற்காலியின் பின்னால் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது குழந்தை. ஒரு கன்னம் உப்பியிருந்தது. தட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, விரலை விட்டு எடுத்தாள். எச்சில் சொட்டச் சொட்ட ஓர் ஆணி.

தங்கை மகளை வாரி அணைத்துக்கொண்டாள். "அத்தான், இது ஏது?"

"அது... வேலிக்கு அடிச்சதுல மீந்தது" என்றார் அத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா பாரு, மரத்துப் பக்கம் அவளால வரவே முடியலை!"

தங்கை அதன்பிறகு மகளை மடியிலிருந்து இறக்கவே இல்லை. விருந்தெல்லாம் முடிந்து செருப்பு மாட்டும்போது அக்காவிடம் சொன்னாள். "ஆபீஸ் பக்கத்திலேயே ஒரு காப்பகம் இருக்குக்கா. அங்கேயே விட்டுடறேன். தப்பா நினைச்சுக்காதே."

பண்டிகை முடிந்து மரத்தைக் கழற்றிய அன்று ஜாக்கிரதையாருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு உருண்டைகூட உடையலை, பார்த்தியா?"

அவள் சின்னத் தட்டையும் கிண்ணத்தையும் காகிதத்தில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு இறங்கினாள். துடைப்பத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள்.

"கூட்டுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். குனிந்து கூட்டினார். நாற்காலிக்கு அடியிலிருந்து இன்னும் ஓர் ஆணி வந்தது. அந்தத் தரையில் தவழ இனி யாரும் வரப்போவதில்லை.