மேசைக்காலுக்கு அடியில் ஒரு தாள்

ஜூன் 12: பிளாஸ்டிக் தொட்டி இரண்டு, 640.
ஜூன் 14: மரச்சட்டம், கொசுவலை, 310.
செப்டம்பர் 3: கண்காட்சிக்குக் கைக்காகிதம், நாற்பது தாள், 2,800.

பள்ளியின் செலவுக் கணக்கில் இந்த மூன்றாவது வரிதான் கூழக்காவின் வயிற்றெரிச்சல்.

அட்டைப்பெட்டி ஆலையில் பதினெட்டு வருஷம் உழைத்தவர் அவர். ஆலையை மூடியதும், வாரத்தில் இரண்டு மதியம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காகிதம் செய்யச் சொல்லிக்கொடுக்க வந்தார். பழைய தாளைக் கிழித்து ஊறவைத்து அரைக்க வேண்டும். அந்தக் கூழைத் தொட்டித் தண்ணீரில் கலக்கி, வலைச்சட்டத்தால் அள்ளி, துணியில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். எந்நேரமும் கூழும் கையுமாக இருந்ததால் பிள்ளைகள் வைத்த பெயர் கூழக்கா.

கோபம் அவருக்கு மூக்குநுனியில். "மழைக்காலத்துலகூட எங்க வீட்டுல துணி காஞ்சிரும், இவ ஒரு முறை முறைச்சாப் போதும்" என்பார், தையல்காரரான கணவர். ஆனால் பிள்ளைகளின் தாள் மேடும் பள்ளமுமாக, ஓரம் பிய்ந்து வந்தபோது ஒருநாளும் அவர் முறைத்ததில்லை.

கண்காட்சியன்று சுவரில் தொங்கிய நாற்பது தாளும் வழவழவென்று இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பிள்ளையின் பெயர். கூழக்கா ஒன்றைத் தடவிப் பார்த்தார். கடைச் சரக்கு.

அதற்குள் குள்ளச்சி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி மேசைக்கு அடியிலிருந்து கத்தினாள். "அக்கா, என் தாளு! நீல நூல் போட்டேன்ல, அது!"

மேசை ஆடாமல் இருக்க, நாலாய் மடித்துக் காலுக்கு அடியில் செருகியிருந்தார்கள்.

பள்ளிச் செயலாளர் ஓடிவந்தார். "சத்தம் போடாதீங்கம்மா, விருந்தாளிங்க இருக்காங்க. பசங்க செஞ்சது பார்க்க நல்லால்ல."

"நல்லால்லன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அவங்க பேரை எதுக்கு சார் கடைச் சரக்குல ஒட்டுனீங்க?"

"எல்லாம் அவங்க நல்லதுக்குத்தான்."

"அப்போ உங்க பிள்ளை போட்டோவைக் கழட்டிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டோவை மாட்டுங்களேன், இன்னும் லட்சணமா இருக்கும்!"

கூழக்கா சுவரிலிருந்து நாற்பது தாளையும் உருவி எடுத்தார். "வாங்கடா, எல்லாரும் கிழிங்க. நல்ல கூழு வரும்." பிள்ளைகள் கிழித்துக் கிழித்து, காட்சிக்கு வைத்திருந்த தொட்டியில் போட்டார்கள். செய்முறை விளக்கம் என்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

மறுநாளே வகுப்பு நின்றது. ஆனால் அந்த விருந்தாளிகள் தொட்டி வேலையைத் திரும்பவும் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்ப, பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: வருத்தம் தெரிவித்தால் சேர்த்துக்கொள்வோம். அடுத்த கடிதம்: நடந்ததை மறந்துவிடுவோம்.

"போயேன்டி. இதையும் விட்டா வேற வேலை ஏது?" என்றார் கணவர்.

"மன்னிப்பு எனக்கு வேணாம். அந்தச் செயலாளர் பசங்ககிட்ட கேட்கணும். அவங்க செஞ்ச தாள்லயே, அந்தாளு கைப்பட எழுதணும். அந்த மேடு பள்ளத்துல பேனா ஓட்டிப் பார்க்கட்டும்." அதையே பள்ளிக்கும் எழுதி அனுப்பினார்.

மூன்றாவது கடிதம் பிள்ளைகளின் தாளில் இருந்தது. இன்னொரு மேசைக்கு அடியிலிருந்து எடுத்தது போலும், மடிப்புத் தடம் அப்படியே தெரிந்தது. பிள்ளைகளுக்கு என்று தொடங்கியிருந்தார் செயலாளர். பேனா இரண்டு இடத்தில் குத்திக் கிழித்திருந்தது. மை ஊறிப் பரவி, 'மன்னித்துவிடுங்கள்' மட்டும் கைவிரல் அகலத்துக்கு வீங்கிக் கிடந்தது.

படித்த பிறகும் கூழக்காவுக்கு ஆறவில்லை. "நாப்பது பிள்ளைங்களுக்கு ஒரே ஒரு தாளா?" என்று உறுமிக்கொண்டே வகுப்பு நின்றதும் வீட்டுப் பரணில் ஏற்றியிருந்த வலைச்சட்டங்களை இறக்கினார்.

அந்தக் கடிதம் வந்தது நவம்பர் 19. அந்த வாரமே பள்ளித் தொட்டியில் மறுபடி கூழ் கலங்கியது.