ஐடெல்லா க்ரட்சர் தேடிய குழி

பத்தொன்பது வருஷமாக ஐடெல்லா க்ரட்சர் மேல் எனக்கு ஒரு மனக்கசப்பு இருந்தது. சபை முன்னால் என்னைத் திருடன் என்று சொன்னவர் அவர்.

அன்னையர் தினத்துக்கு அடுத்த ஞாயிறு. போதகர் அறிவிப்புகளை வாசித்துவிட்டு, வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஒப்புக்குக் கேட்டார். அந்த அம்மாள் எழுந்தார்.

"செத்தவங்க பூவைத் திருடுற ஆள் ஒருத்தர் இந்தச் சபையில இருக்காரு. நாலாவது பெஞ்சுல உக்காந்து பெப்பர்மின்ட் சப்பிக்கிட்டிருக்காரு."

எங்கள் சபையில் பெப்பர்மின்ட் சப்பாத வாய் கிடையாது. ஆனாலும் எல்லாத் தலையும் என் பக்கம்தான் திரும்பியது.

நான் ஆல்டர்கோர்ட் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவன். புதன்கிழமை புல் வெட்டும் நாள். பதிவில் இருக்கிற குழிமேல் அல்லாமல் வேறு எங்கே பூ, பொம்மை, பலூன் எது கிடந்தாலும் அதற்கு முன்னால் அள்ளிவிட வேண்டும் என்பது மேலாளர் உத்தரவு. கிழக்கு வேலி ஓரம் ஒரு பெரிய பாப்லர் மரம். அதன் அடியில் வருஷா வருஷம் அன்னையர் தினத்தில் ஐடெல்லா வைத்த ஒரு கொத்து வெள்ளைக் கார்னேஷன் பூ இருக்கும். தோட்டத்து வரைபடத்தில் அந்த மரத்தடியில் குழியே இல்லை. அதனால் அள்ளினேன். வேலையைச் செய்தவனுக்குத் திருடன் பட்டம்.

அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. அவரும் எனக்காக ஏங்கிப் போய்விடவில்லை.

எங்கள் கறுப்பு ஜனம் வாழும் லூயிவில் மேற்குப் பக்கத்தில் பாதிப் பேர் சின்ன வயசில் ஐடெல்லா ஓட்டிய பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். முப்பத்துமூன்று வருஷம் ஓட்டினார். கல்யாணம் கட்டவில்லை. பெரிய சரீரம், அதைவிடப் பெரிய குரல். அவருக்கு ஏழு வயசாக இருக்கும்போது தாயார் ஆர்வில்லா இறந்துபோனார். எங்களில் தாய் உயிரோடு இருக்கிறவர்கள் அன்னையர் தினத்தில் சிவப்புப் பூ குத்துவார்கள், தாய் இல்லாதவர்கள் வெள்ளை. ஏழு வயசிலிருந்து அந்த அம்மாள் நெஞ்சில் வெள்ளைதான்.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்று சும்மா இருந்தபோது, சபையின் கீழ்த்தளத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விற்கிற இடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இன சமத்துவத்துக்காக நடக்கிற ஒரு அமைப்பு. பகுதிநேர ஃபெலோஷிப், வாரம் பதினைந்து மணி நேரம், பத்து மாதம், சம்பளம் உண்டு, பட்டம் வேண்டாம், ஊர் தெரிந்திருந்தால் போதும்.

மீன் வறுத்துக்கொண்டிருந்த சபை உதவி ஊழியரான டீக்கன், "என்ன சிஸ்டர், அறுபத்தெட்டு வயசுல புத்தகப் பையை மாட்டப் போறீங்களா?" என்று கேட்டார்.

"உன் மீன்ல உப்பு இருக்கான்னு நீ பாரு. என் பையை நான் பாத்துக்கறேன்."

ஐடெல்லா விண்ணப்பம் போட்டார், எடுத்துக்கொண்டார்கள். வேலை இதுதான். எங்கள் வீடுகளில் கல்யாணப் பத்திரிகைகூடத் தொலைந்துபோகும், அடக்க ஆராதனைத் தாள் தொலையாது. முன்பக்கம் இறந்தவர் படம், உள்ளே அவர் கதை, பின்பக்கம் பெட்டி தூக்கியவர்கள் பெயர், கடைசி வரியில் அடக்கம் செய்த இடம். பைபிளுக்குள் வைப்போம், பைபிள் தாங்காவிட்டால் செருப்பு டப்பாவில். வீடு வீடாகப் போய் அந்தத் தாள்களைப் படம் எடுத்து, கல்லறைகளின் பழைய பேரேடுகளோடு ஒத்துப் பார்த்து, எந்தெந்தத் தோட்டம் எத்தனை கறுப்பு உடல்களை வாசலிலிருந்து திருப்பி அனுப்பியது என்று கணக்கெடுக்க வேண்டும்.

மார்ச் மாதம் ஒரு நாள் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பிரதர் லெமுவேல், உங்கம்மா பைபிளை எடுத்துட்டு வா."

"திருடன் வீட்டுக்குள்ள வரலாமா, சிஸ்டர்?"

"பூவைத்தானே திருடுன, பைபிளையுமா திருடிட்ட? எடுத்துட்டு வா, கால் வலிக்குது."

பதினோரு தாள் இருந்தது. ஒவ்வொன்றையும் பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையால் எடுத்துப் படம் பிடித்தார். போகும்போது, தன்னிடம் ஒரே ஒரு தாள்தான் இருக்கிறது, தன் தாயாருடையது என்றார். கடைசி வரி: அடக்கம், ஆல்டர்கோர்ட்.

மே மாதம் அமைப்பின் வக்கீல் கடிதத்தோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். மேலாளர் ஹாலோரன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, பழைய பேரேடுகளைக் கீழ்த்தளத்திலிருந்து எடுத்து வரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொன்றும் சிமென்ட் கல் கனம். ஆபீசில் இடம் இல்லை என்று சொல்லி, கருவிகள் வைக்கிற என் கொட்டகையில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். மண்வெட்டிகளுக்கு நடுவே வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்தார்.

முதல் பேரேட்டின் அட்டைக்கு உள்பக்கம் விதிகள் அச்சாகி இருந்தன. நான்காவது விதி: வெள்ளை இனத்தவரின் உடல்களை மட்டுமே இங்கே அடக்கம் செய்யலாம். இருபத்தெட்டு வருஷம் அந்த மண்ணை வெட்டியிருக்கிறேன். எல்லாரும் முணுமுணுத்துக் கேட்டிருக்கிறேனே தவிர, அச்சில் பார்த்தது அன்றுதான். என் கையைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"எப்ப எடுத்தாங்க இந்த விதியை?"

"எடுத்தாங்களான்னு எனக்குத் தெரியாது, சிஸ்டர்."

மூன்றாவது நாள் மத்தியானம் 1961 பேரேடு. அதை அவர் தேடுவதற்காகத் திறக்கவில்லை. எங்க அம்மா இங்கேதான் இருக்காங்க, விதியை மீறி எப்படியோ ஒருத்தர் உள்ளே வந்துட்டாங்க, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துக்கறேன் என்று சிரித்துக்கொண்டே புரட்டினார். தாயார் சமையல் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்கார அம்மாள், அங்கே தங்கள் குடும்பத்துக்கு இருந்த கல்லறை இடங்களில் ஒன்றை ஆர்வில்லாவுக்கு எழுதிக் கொடுத்தது ஊருக்கே தெரியும்.

விரல் நின்றது.

அக்டோபர் பதினான்கு. ஆர்வில்லா க்ரட்சர். அழகான கையெழுத்து, நீல மை. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில்: 'வாசலில் திருப்பி அனுப்பப்பட்டது. விதி 4.'

போனில் பேர் சொன்னபோது எழுதிவிட்டார்கள். சவ வண்டிக்குப் பின்னால் வந்தவர்களின் முகத்தைப் பார்த்தபிறகு பேரை அடித்துவிட்டார்கள். ஆராதனைத் தாளோ முந்தின நாளே அச்சாகிவிட்டது. எங்கள் ஜனம் அச்சடித்த தாளைச் சந்தேகப்பட்டதே இல்லை.

ஐடெல்லா கத்துவார் என்று நினைத்தேன். கையுறையைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார்.

"எங்கப்பா என்னை அடக்கத்துக்குக் கூட்டிட்டுப் போகலை," என்றார். "அப்புறம் ஒரு நாள் கூட்டிட்டு வந்து வேலிக்கு வெளிய நிறுத்தி, அந்த மரத்தைக் காட்டினாரு. அம்மா அங்க இருக்கான்னாரு." என் பக்கம் திரும்பினார். "மரத்தடியில யாரும் இல்லைன்னு உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"தெரியும், சிஸ்டர். வரைபடத்துல அங்க குழி கிடையாது. நீங்க மரத்தை மாத்திப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"ஏன் சொல்லலை?"

"என்னைத் திருடன்னீங்க. போய்த் தப்பான எடத்துலயே அழட்டும்னு விட்டுட்டேன்."

அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அமைப்பில் ஃபெலோக்களைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்ரி என்ற பெண்ணை அங்கிருந்தே போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"டெஸ்ரி, இனிமே கொஞ்ச நாள் எங்கம்மாவைத் தேடணும். அந்த நேரத்தை மணிக்கணக்குத் தாள்ல எழுதலாமா?"

"அதுதானே மிஸ் ஐடெல்லா உங்க வேலையே. தாராளமா எழுதுங்க."

"எங்கம்மாவைத் தேடறதுக்குக் கூலி வாங்கச் சொல்றியா?"

ஐடெல்லா அந்த வாரங்களில் எதுவும் எழுதாத மணிக்கணக்குத் தாளைத்தான் கொடுத்தார்.

1961-ல் ஆர்வில்லாவின் சவ வண்டியை ஓட்டியது பெட்டிகோ குடும்பம். அவர்களுடைய சவ அடக்கத் தொழிலை இப்போது பேரன் நடத்துகிறான். தாத்தாவின் அட்டைப் பெட்டிகளில் இரண்டு நாள் தேடி ஒரு சீட்டைக் கொண்டுவந்தான். ஆல்டர்கோர்ட்டில் மறுப்பு. மாலை நாலரைக்கு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், பதினோராம் வரிசையில் அடக்கம்.

அது எங்கள் ஜனங்களின் பழைய கல்லறை. நடத்தியவர்கள் கைவிட்டுப் போய் நாற்பது வருஷம். ஆள் உயரத்துக்குப் புதர். சனிக்கிழமை காலை நான் அரிவாளும் நாலடிக் கம்பியும் எடுத்துக்கொண்டு போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஐடெல்லா ஏற்கனவே அங்கே பஸ் ஓட்டுகிற பழைய பூட்ஸ் போட்டு நின்றுகொண்டிருந்தார்.

"கூலி கிடையாது," என்றார்.

"கேட்டேனா?"

வெட்டாத மண் கம்பியை எதிர்க்கும். ஒரு தடவை வெட்டின மண் அறுபது வருஷம் ஆனாலும் உள்ளே விடும். வரிசையை எண்ணி எண்ணிக் குத்திக்கொண்டே போனேன். பதினோராம் வரிசையின் கோடியில் கம்பி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. புதரை வெட்டி விலக்கினேன். ஆறடிக்கு மூன்றடி, தரையோடு பின்னிய பச்சைக் கொடி, நீலப் பூ. கல் வாங்க வழியில்லாதவர்கள் குழிமேல் நடுகிற கொடி அது. தானாக அப்படி நீள்சதுரமாக முளைக்காது. யாரோ வந்து நட்டிருக்கிறார்கள். வந்து வந்து பார்த்துமிருக்கிறார்கள்.

"அப்பா," என்றார் ஐடெல்லா. "அப்பா இங்க வந்திருக்காரு. என்னை அங்க நிறுத்திட்டு, இவரு மட்டும் இங்க வந்திருக்காரு."

தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த உடம்பைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஃபெலோஷிப்பின் கடைசி மாதமான பத்தாவது மாதம் ஃபெலோக்கள் எல்லாரும் தங்கள் வேலையை மேடையில் சொல்ல வேண்டும். ஐடெல்லா ஏறினார். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நாற்பத்துமூன்று பேர் என்றார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். தாயார் பெயரை முப்பத்தொன்றாவதாக, மற்றவர்கள் பெயரைப் போலவே வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அது அவருடைய தாய் என்று கூட்டத்தில் பலருக்குத் தெரியாது.

பிப்ரவரியில் இருதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். நான் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் செய்கிற 'பை' என்ற இனிப்புப் பண்டம் வாங்கிப் போனேன். நர்ஸ் பிடுங்கிக்கொண்டாள். அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று ஐடெல்லா கேட்டார். கம்பியால் குத்திப் பார்த்துவிட்டேன், மண் கெட்டியாக இருக்கிறது, யாரும் இல்லை என்றேன்.

"அப்ப ஒண்ணு செய், லெம். நீயே வெட்டு. நீயே வண்டியில கூட வா. என்னை உள்ள இறக்கி, கடைசி மண்ணைப் போட்டு முடிச்சதை உன் கண்ணால பாத்துட்டு, அதுக்கப்புறம் சபைக்குப் போன் பண்ணு. அதுவரைக்கும் என் ஆராதனைத் தாளை அச்சடிக்க விடாத."