ஓடுகிற ஜீப்

கம்பம்மெட்டு ரோட்டோரம் ஓர் அம்மாவின் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. டயர்கள் மண்ணில் புதைந்திருந்தன; பின்சீட்டில் கோழி அடைகாத்தது. அவர் தன் நகைகளை விற்று வாங்கிய வண்டி. அதை ஓட்டிய கணவன் இன்னொருத்தியோடு போய்விட்டான். ரிப்பேர் பார்ப்பதா, விற்பதா என்று கேட்க, மெக்கானிக்கான என்னை வரச் சொல்லியிருந்தார்.

ஒல்லியான, நெடிய பெண்மணி. பேசும்போதெல்லாம் முந்தானையால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வண்டியில் அது மட்டும் பளபளத்தது. அதில் அவன் பெயர் எழுதியிருந்தது.

"இன்ஜின் நல்லாருக்கும்மா. வேலை பாத்தா மலையேறும். விக்கிறதுன்னா நானே எடுத்துக்கிறேன்" என்றேன்.

"நெசமா ஓடுமாண்ணே?"

"ஓடும்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இங்கனயே கெடந்து மக்கட்டும். அந்தாளு இப்ப அடுத்தவுக ஜீப்புல கூலிக்கு எஸ்டேட்டுக்கு ஆளேத்திக்கிட்டு தெனமும் இந்த வழியாத்தான் போறான். ஜீப் ஸ்டாண்டுல அவனப் பாத்தீகன்னா, வண்டி ஓடும்னு மறக்காமச் சொல்லுங்க."

சொன்னேன். அவன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வருஷமும் அந்த அம்மா கூப்பிட்டார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். துரு இன்ஜினை முழுசாகத் தின்றிருந்தது.

"இன்னமும் ஓடுமாண்ணே?"

"ஓடும்மா" என்றேன்.

ஸ்டாண்டில் அவனைத் தேடிப் போய், அவனிடமும் அதையே சொன்னேன்.